ஆறு மீட்டரில் ஒரு வாசல்

சினாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் தஹப் என்றொரு சிற்றூர். அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் மண்சாலையில் போனால் மலை கடலைத் தொட வந்துவிடும். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே பெதுவின் மக்கள் நடத்தும் தேநீர்க் கடைகள் வரிசையாக இருக்கும். கடைகளுக்கு எதிரே, பவளப்பாறை வளையத்துக்குள் கருநீலமாகத் தெரியும் வட்டக் குழிதான் உலகெங்கும் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் அறிந்த ‘ப்ளூ ஹோல்’. அங்கே சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கரையோரமாக இன்னும் வடக்கே சில நிமிடம் நடந்தால், பாறைத் திட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. இதன் பெயர் ‘பெல்ஸ்’. பெல்ஸில் இறங்கி, வெளிக்கடலின் செங்குத்துச் சுவரை ஒட்டித் தெற்கே மிதந்து, ப்ளூ ஹோலுக்குள் நுழைந்து கரையேற வேண்டும். படகு கிடையாது. இறங்கும் இடம் ஒன்று, ஏறும் இடம் வேறு. நடுவில் கரையேற வழியே இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்த அத்தியாயம் முழுவதும். படகிலிருந்து குதிப்பவரைப் படகு தேடிக்கொண்டு வரும். கரையிலிருந்து இறங்கி அதே இடத்துக்குத் திரும்புபவர் வந்த வழியை ஏற்கெனவே பார்த்திருப்பார். கரையிலிருந்து இறங்கி ஓட்டத்தோடு போகிறவருக்கு இந்த இரண்டு உதவியும் இல்லை. அதனால் அவருடைய திட்டம் பின்னிருந்து முன்னே எழுதப்பட வேண்டும். எங்கே ஏறப் போகிறோம், அந்த இடத்துக்கு எந்த ஆழத்தில், எவ்வளவு காற்றோடு வந்து சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து பெல்ஸ் வரை வர வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எப்படி இறங்குவது என்று அரை மணி நேரம் பேசுவார்கள். எப்படி ஏறுவது என்பது போகிற போக்கில் முடிந்துவிடும்.

வெளியேறும் இடத்தைப் பார்ப்போம். ப்ளூ ஹோலைச் சுற்றியுள்ள பாறை வளையம் ஏறக்குறைய நீர்மட்டம் வரை உயர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அது தணிந்து, ஆறேழு மீட்டர் ஆழத்தில் ஒரு கணவாய் போலக் கிடக்கிறது. குதிரைச் சேணத்தின் வடிவம் என்பதால் அதைச் ‘சேடில்’ என்கிறார்கள். வெளிக்கடலிலிருந்து உள்ளே வர முக்குளிப்பவருக்கு உகந்த வழி அது. அதற்கு ஒரு குணம் உண்டு. அதன் தரை ஆறேழு மீட்டரில் இருப்பதால், பதினைந்து மீட்டர் ஆழத்தில் சுவரைப் பார்த்தபடி வருகிறவருக்கு எதிரே தெரிவது தொடர்ந்து ஓடும் சுவர்தான். வாசல் தலைக்கு மேலே இருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே அதைக் கடந்து தெற்கே போய்விடலாம். ஆகவே திட்டத்தின் முதல் வரி இது: சேடிலை நெருங்கும் முன்பே எட்டு மீட்டருக்கு மேலே வந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கரைக்கு அருகில் இப்படியொரு சுவர் எப்படி வந்தது? மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் சில மீட்டர் ஆழத்திலேயே முடிந்து மணல் தரையில் கலந்துவிடுகின்றன. அங்கே கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. செங்கடலின் கிளையான, தஹப் இருக்கும் அகாபா வளைகுடாவின் கதை வேறு. அரேபியத் தட்டும் சினாய்த் தட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் பெரும்பிளவின் மேல் அது கிடக்கிறது. வடக்கே சாக்கடல் வரையும் அதற்கு அப்பாலும் நீளும் அதே பிளவு. நகர்வின் இழுப்பில் தரை கிழிந்து உண்டான பள்ளங்களில் கடல் நிரம்பியிருக்கிறது. இருபது கிலோமீட்டர் அளவே அகலமுள்ள இந்த வளைகுடாவின் மிக ஆழமான இடம் 1,800 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தப் பிளவு இன்றும் உயிரோடிருக்கிறது: 1995 நவம்பர் 22 அன்று இதே கரையிலுள்ள நுவெய்பா அருகே 7-க்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் வந்தது. பெல்ஸில் இறங்குகிறவரின் காலுக்குக் கீழே தரை தெரியாததற்குக் காரணம் இதுதான். அவர் நீந்துவது ஒரு கண்டத்தின் வெட்டுவாயை ஒட்டி.

அடுத்தது, ஓட்டம். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் கடலோட்டம் இங்கே பொதுவாக மென்மையானது. ஆண்டின் பெரும்பகுதி இரு கரை மலைகளுக்கு நடுவே வடக்கிலிருந்து காற்று வீசுகிறது. அதனால் பெல்ஸிலிருந்து ப்ளூ ஹோலுக்குத் தெற்கு நோக்கிப் போவதே இயல்பான திசை. பவளச் சுவர் வலது தோள் பக்கம் இருக்கும். ‘பொதுவாக’, ‘இயல்பாக’ என்ற சொற்களை நம்பி இறங்கக் கூடாது. மேல்மட்ட நீர் காற்றோடு ஒரு பக்கம் போக, பத்து மீட்டருக்குக் கீழே ஓட்டம் மாறுபட்டிருக்கலாம். ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாட் வேகமுள்ள ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 31 மீட்டர் நகர்த்தும். அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்க, நல்ல பயிற்சி உள்ளவராலும் சில நிமிடங்களுக்கு மேல் முடியாது. மூச்சு வாங்கும், காற்று கரையும், உடலில் கரியமில வாயு சேரும், தலை கனக்கும். அரை நாட் என்றாலும் இருபது நிமிடத்தில் 300 மீட்டர். வாசலைத் தவறவிட்டபின் திரும்பி நீந்துவதைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வைக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

ஓட்டம் எந்தப் பக்கம் என்பதைக் கடலுக்குள் இறங்கியதும் மீன்களே சொல்லிவிடும். சுவரின் மேற்பகுதி முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் விரல் நீளமுள்ள ஆந்தியாஸ் மீன்கள் நூற்றுக்கணக்கில் மொய்த்திருக்கும். ஓட்டத்தில் மிதந்து வரும் நுண்ணுயிர்களே அவற்றின் உணவு. எனவே எல்லா மீன்களும் ஓட்டம் வரும் திசைக்கு முகம் காட்டி, அதே வேகத்தில் நீந்தி, இருந்த இடத்திலேயே நிற்கும். முகங்கள் வடக்கே பார்த்தால் நம் திட்டம் சரி. தெற்கே பார்த்தால் அன்று அந்த முக்குளிப்பு வேண்டாம். பெல்ஸுக்குள்ளேயே திரும்பி ஏறிவிட்டு, ப்ளூ ஹோலில் இறங்கி சேடில் வழியாக வெளியே எட்டிப் பார்த்து அதே வழியில் திரும்புவது எவ்வளவோ மேல். ஓட்டம் வலுத்தால் மீன்கள் பவளத்துக்கு நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். தளர்ந்தால் சுவரைவிட்டு வெளியே பரவும். ஒரே பார்வையில் திசையும் வேகமும் தெரிந்துவிடும்.

இந்த மீனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கூட்டத்தில் பெரும்பாலானவை பெண் மீன்கள். ஊதா சாயலும் நீண்ட முதுகுத் துடுப்பும் கொண்ட சில மட்டும் ஆண்கள். ஆண் மீனை அகற்றிவிட்டால், பெண் மீன்களில் ஒன்று சில வாரங்களில் முழு ஆணாக மாறிவிடுகிறது. செங்கடல் ஆந்தியாஸில் இந்தப் பால்மாற்றத்தை ஆராய்ந்து லெவ் ஃபிஷெல்சன் 1970-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஆண் கண்ணில் படுகிறதா இல்லையா என்பதே அந்த மாற்றத்தைத் தடுக்கவோ தூண்டவோ செய்கிறது என்பது அவர் கண்டது.

மீன்கள் ஏன் சுவரோரத்தில் குவிகின்றன? சுவரின் கரடுமுரடான பரப்பு நீரோடு உராய்வதால் அதையொட்டிய நீர் மெதுவாகவும், சில மீட்டர் தள்ளியுள்ள நீர் வேகமாகவும் நகர்கிறது. சிறு மீனுக்கு ஓரத்தில் நிற்பது சுலபம். ஓட்டம் சாப்பாட்டையும் கொண்டுவந்து கொடுக்கிறது. மனிதருக்கும் இதே இயற்பியல்தான். வேகம் அதிகம் என்று தோன்றினால் சுவரை நெருங்க வேண்டும், விரைவாகப் போக வேண்டுமென்றால் சற்று விலக வேண்டும். துடுப்பை உதைக்காமலே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இது ஒரு வழி. நெருங்கும்போது கையையோ துடுப்பையோ பவளத்தில் படவிடாதபடி மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். உடைந்துபோன ஒரு கிளைப்பவளம் அதே அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

கரையிலிருந்து இறங்கி ஓட்டத்தோடு போகும் முக்குளிப்புக்கு வேறு ஊர்களில் வேறு ஏற்பாடுகள். கரீபியக் கடலில் பொனேர் தீவின் மேற்குக் கரை நெடுக, இறங்குமிடங்களின் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் சாலையோரம் கிடக்கும். அங்கே பவளச்சரிவு பெரும்பாலும் சாய்வானது, ஓட்டமும் மென்மை. முதல் பாதி ஓட்டத்தை எதிர்த்துப் போய், மறுபாதி அதன் மேலேறித் திரும்புவது அங்குள்ள வழக்கம். ஒருவழியாக மிதந்து போக விரும்புகிறவர்கள் இரண்டு பிக்அப் வண்டிகளில் வந்து, ஒன்றை ஏறுமிடத்தில் நிறுத்திவிட்டு மற்றதில் இறங்குமிடம் போவார்கள். பெல்ஸில் அந்தத் தேவை இல்லை. ஏறுமிடத்தைத் தாண்டி நடந்துதான் இறங்குமிடத்துக்கே போகிறோம். அந்த நடையை வீணாக்கக் கூடாது. சேடில் எங்கே இருக்கிறது, கரையில் அதற்கு நேரே எந்தக் கட்டடம், எந்த மலைமுகடு, அலை எந்தப் பாறையில் உடைகிறது என்பதையெல்லாம் நின்று பார்க்க வேண்டிய நேரம் அது. பெல்ஸ் பிளவின் வாயில் அலை மோதி நுரைத்துக்கொண்டிருந்தால், அன்றைய திட்டத்தை அங்கேயே கைவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று வலுப்பது இங்கே வழக்கம். அதனால் அதிகாலையே நல்ல வேளை.

இனி, காற்றின் கணக்கு. திட்டத்தின் முதுகெலும்பு இதுதான் என்பதால் பொறுமையாகப் போவோம்.

நீர்மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம், ஏறத்தாழ ஒரு பார். பத்து மீட்டர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு பார் கூடுகிறது. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி, அழுத்தம் எத்தனை மடங்கோ வாயுவின் பருமன் அத்தனை பங்காகச் சுருங்கும். நுரையீரல் நிரம்ப அதே பருமன் தேவை. ஆகவே 28 மீட்டரில், 3.8 பார் அழுத்தத்தில், ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து 3.8 மடங்கு காற்றை இழுக்கிறது. அமைதியாக நீந்தும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அங்கே 76 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மொத்தம் 2,400 லிட்டர்.

முதல் தடவை போகிறவர் மனம் விரும்பும் திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். பெல்ஸ் பிளவு நேராகக் கீழே இறங்கி, 26 முதல் 30 மீட்டர் அளவில் ஒரு வளைவின் வழியாக வெளிச்சுவரில் திறக்கிறது. அங்கே போக 2 நிமிடம், 100 லிட்டர். அந்த ஆழத்தில் 5 நிமிடம் சுற்றிப் பார்க்க 380. பிறகு 20 மீட்டரில் 10 நிமிடம், 600. 14 மீட்டரில் 10 நிமிடம், 480. 7 மீட்டரில் சேடிலை நோக்கி 8 நிமிடம், 272. உள்ளே வந்து 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தமும் கரை வரை நீச்சலும் சேர்த்து 10 நிமிடம், 300. கூட்டினால் 2,132 லிட்டர். மிச்சம் 268, அழுத்தமானியில் 22 பார். கரையேறும்போது 50 பார் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆக இந்தத் திட்டம் காகிதத்திலேயே தோற்றுவிட்டது. காகிதத்தில் தோற்பதற்காகத்தான் கணக்குப் போடுகிறோம்.

இப்போது ஆழத்தில் செலவிடும் நேரத்தைக் குறைப்போம். 28 மீட்டரில் 2 நிமிடம், 20 மீட்டரில் 6 நிமிடம், 14 மீட்டரில் அதே 10, 7 மீட்டரில் 10, கடைசிப் பத்து நிமிடம் அப்படியே. மொத்தம் 1,732 லிட்டர். மிச்சம் 55 பார். முழு நேரத்தில் குறைந்தது ஐந்தே நிமிடம்; கையில் சேர்ந்தது 33 பார். ஆழத்தில் ஒரு நிமிடம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இந்த வித்தியாசத்தில் தெரிகிறது.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் செலவு. அசம்பாவிதத்துக்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும். 28 மீட்டரில் உடன் முக்குளிக்கும் ஜோடியின் ரெகுலேட்டர் பழுதாகி, இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால்? பதற்றத்தில் ஒவ்வொருவரும் 30 லிட்டர், இருவருக்கும் 60 என்று கொள்வோம். நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 228 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற மூன்று நிமிடம்: 477. அங்கே மூன்று நிமிட நிறுத்தம்: 270. மேலே வர ஒரு நிமிடம்: 75. மொத்தம் 1,050 லிட்டர், அதாவது 88 பார். எனவே 28 மீட்டரில் இருக்கும்போது மானியின் முள் 90-ஐத் தொடுகிறது என்றால், அந்த ஆழத்தில் இருக்க நமக்கு உரிமை முடிந்துவிட்டது. 14 மீட்டரில் இதே கணக்கைப் போட்டால் 50 பார் வரும். இந்த இரண்டு எண்களையும் பிளாஸ்டிக் பலகையில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது நல்லது. ஜோடியின் காற்று என்பது உங்கள் சிலிண்டரில் உள்ள ஒரு பகுதி. அதை நீங்கள் சுவாசித்துவிடக் கூடாது.

உடலில் கரையும் நைட்ரஜனுக்கும் கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், டேமன்ட் ஆகியோருடன் சேர்ந்து ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து 1908-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது தொடங்குகிறது. உடலின் திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்று, வெவ்வேறு வேகத்தில் விடுகின்றன என்று கொண்டு, ஐந்து கற்பனைத் திசுக்களுக்கு 5 முதல் 75 நிமிடம் வரை அரைநேரங்களை வகுத்தார்கள். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்களில் பல, சூரிச்சின் ஆல்பர்ட் புல்மான் பதினாறு திசுக்களாக விரித்த வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. பழைய அட்டவணைகளின்படி 30 மீட்டரில் 20 நிமிட அளவும், 18 மீட்டரில் 55 நிமிட அளவும் இருந்துவிட்டு நிறுத்தமில்லாமல் ஏறலாம். ஆழத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே வரும் நம் திட்டம் இந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. 12 லிட்டர் சிலிண்டரோடு இங்கே போகிறவருக்கு முதலில் தீரப்போவது காற்று; நைட்ரஜன் எல்லை பிறகுதான் வரும்.

தண்ணீரின் தெளிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அழகு, ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த வளைகுடாவில் ஆறு எதுவும் வந்து விழவில்லை. சுற்றிலும் பாலைவனம், மழை அரிது. சேறும் சத்தும் குறைந்த நீர் என்பதால் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருப்பதும் துல்லியமாகத் தெரியும். கலங்கலான கடலில் பழகியவருக்கு இருட்டு ஒரு எச்சரிக்கை. கீழே போகப் போக வெளிச்சம் மங்கும், உடல் தானாகத் தயங்கும். இங்கே 28 மீட்டரிலும் 40 மீட்டரிலும் நீலம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். போதாததற்கு, மாஸ்க்கின் கண்ணாடி வழியே ஒளி முறிவதால் நீரில் பொருள்கள் கால் பங்கு கிட்டத்தில் தெரிகின்றன. கீழே தெரியும் பாறை விளிம்பு இதோ கைக்கெட்டும் தூரம் என்று தோன்றும். தரையும் இல்லை, இருட்டும் இல்லை, தூரமும் பொய். ஆழத்தைச் சொல்ல மிஞ்சியிருப்பது கருவி மட்டுமே.

அதே நேரத்தில் உடலின் மிதப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. வெட்சூட்டின் நியோப்ரீனில் உள்ள நுண்குமிழ்கள் 28 மீட்டரில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகின்றன. மேலே மிதக்க உதவிய உடை கீழே உதவுவதில்லை. இறங்க இறங்க இறக்கம் வேகமெடுக்கும். சாதாரண இடத்தில் மணல்தரை தாங்கிக்கொள்ளும். இந்தச் சுவரில் தாங்க எதுவும் இல்லை. பிளவின் அடிவாயிலிருந்து வெளியே வரும் கணத்துக்கு முன்பே மிதப்பு ஜாக்கெட்டில் காற்றைச் சேர்த்து மிதப்பைச் சமன் செய்துவிட வேண்டும். ஈயக்கட்டிகளின் எடையையும் முதல் நாளே பாதுகாப்பான இடத்தில் சோதிக்க வேண்டும். பெருங்கடல்களில் ஒரு கிலோ நீரில் 35 கிராம் அளவு உப்பு. நதிகள் வந்து கலக்கும் வங்கக் கடலின் மேல்மட்டத்தில் அதைவிடக் குறைவு. அகாபாவில் 40 கிராமுக்கும் மேல். நீர் கனமாக இருப்பதால் நூறு லிட்டர் பருமனுள்ள ஓர் ஆள், சிலிண்டர் உட்பட, சுமார் அரைக் கிலோ கூடுதலாகக் கட்டினால்தான் இறங்க முடியும். அதற்கு மேல் அள்ளிக் கட்டிக்கொள்வது, முன்பு சொன்ன இறக்கத்தை இன்னும் வேகமாக்கும்.

முப்பது மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மயக்கமும் லேசாகத் தொடங்கும். சிலருக்கு அது வெறும் மந்தம். சிலருக்கு உற்சாகம், எதுவும் செய்யலாம் என்ற துணிவு. இந்த மனநிலையில் சுவரை ஒட்டி வருகிறவருக்குச் சேடில் அருகே ஓர் ஆசை காத்திருக்கிறது. வளையத்தின் வெளிச்சுவரில், ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் கீழே, ப்ளூ ஹோலை வெளிக்கடலோடு இணைக்கும் பெரிய வளைவு ஒன்று திறந்திருக்கிறது. ‘ஆர்ச்’ என்று பெயர் பெற்ற அந்தக் குகைவழி ஏறத்தாழ 26 மீட்டர் நீளம். மறுபக்கத்து நீல ஒளி தெரிவதால் குறுகியது போலத் தோன்றுகிறது. 55 மீட்டரில் அழுத்தம் 6.5 பார். நம்முடைய முழு சிலிண்டரும் அங்கே பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். போக வர ஆகும் செலவைக் கழித்தால் கையில் எதுவும் நிற்காது. ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் 32 கலவையைச் சுவாசிக்கிறவருக்கு அது இன்னும் கொடியது. அந்தக் கலவையின் எல்லை 33 மீட்டர் அளவு. 55-இல் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 2 பாரைத் தாண்டி, வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும். ப்ளூ ஹோலின் கரைப்பாறையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த பலகைகள் பல இருக்கின்றன. பெரும்பாலும் இளைஞர்கள். இறங்கும் முன் ஒவ்வொருவரும் அவற்றின் முன்னே நின்று, தம் திட்டத்தின் அதிகபட்ச ஆழத்தை ஜோடியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். சொன்ன எண்ணைத் தாண்டினால் மற்றவர் கையைப் பிடித்து இழுக்கலாம் என்ற உரிமையையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

பிளவுக்குள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வழிகாட்டி முன்னே, அனுபவம் குறைந்தவர் நடுவில், ஜோடிகளில் நிதானமானவர் கடைசியில். பின்னால் வருகிறவருக்குக் காது அடைத்துக்கொண்டால் முன்னே போனவருக்கு அது தெரியாது என்பதால், வெளியே வந்ததும் சுவரோரம் கூடி, எண்ணிப் பார்த்து, மானிகளைக் காட்டிக்கொண்ட பிறகே நகர வேண்டும். ஒருவரைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்து, பிறகு இருவருமே மேலே வருவது உலகெங்கும் உள்ள விதி. இங்கே மேலே வரும் இடம் பாறைக்கு வெளியேயுள்ள திறந்த கடல். ஆகவே ஆரஞ்சு நிறக் குழாய் மிதவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அதை ஊதி நிறுத்திவிட்டு, பாறையில் ஏற முயலாமல், அலைக்கு வெளியே இருந்தபடி சேடில் வரை நீந்த வேண்டும். அலை உடையும் பவளத் திட்டில் ஏறப்போனவர்கள் காலையும் கிழித்துக்கொள்கிறார்கள், பவளத்தையும் நொறுக்குகிறார்கள்.

திட்டம் நம்மைப் பதினைந்து மீட்டருக்கு மேலே கொண்டுவந்தது காற்றுக்காக. ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுக்குச் சூரியன் வேண்டும். ஆகவே சுவரின் மேல் விளிம்பில்தான் கல்பவளங்கள் அடுக்கடுக்காக நெருங்குகின்றன. இந்த இடம் 28.5 டிகிரி வடக்கே, கடகரேகைக்கும் அப்பால். இவ்வளவு வடக்கே வெப்பமண்டலப் பவளம் செழிக்க, வளைகுடாவின் அமைப்பே துணை. அதன் தெற்கு வாயான திரான் நீரிணையில் கடல் தரை 250 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பதால், பெருங்கடலின் ஆழ்நீர்க் குளிர் உள்ளே புகுவதில்லை. அடியாழத்திலும் நீர் 21 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்காது.

இந்தப் பவளங்களிடம் இன்னொரு புதிரும் உண்டு. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடினாலே உலகின் பெரும்பாலான பவளங்கள் பாசியை இழந்து வெளுத்துவிடுகின்றன. அகாபாவின் பவளங்கள் அதைவிடக் கூடுதலான வெப்பத்தை ஆய்வகத் தொட்டிகளில் தாங்கின. மாவோஸ் ஃபைன், ஹெசி கில்டோர், அமாட்சியா கெனின் ஆகியோர் 2013-இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்தது. செங்கடலின் தெற்கு வாய் குறுகி, உள்ளே உப்பு தாங்க முடியாத அளவு ஏறியது. கடல்மட்டம் மீண்ட பிறகு, இந்தியப் பெருங்கடலிலிருந்து ஓட்டத்தில் மிதந்து வந்த பவள இளவுயிரிகள் தலைமுறை தலைமுறையாக வடக்கே பரவின. அவை முதலில் கடக்க வேண்டியிருந்தது செங்கடலின் கொதிக்கும் தெற்குப் பகுதி. அந்த வெப்பத்தைத் தாங்கியவையே வடக்கே வந்து சேர்ந்தன. வந்த இடமோ குளிர்ந்தது. தேவைக்கு மேல் தாங்கும் திறனோடு அவை இங்கே வாழ்கின்றன என்பது அவர்கள் கருத்து. கடல்கள் சூடேறிவரும் இந்நாளில் உலகின் கடைசிப் பவளப் புகலிடங்களில் ஒன்றாக இது இருக்கலாம். சூட்டைத் தாங்கினாலும் துடுப்பின் உதையை அவை தாங்காது. பெல்ஸின் வாயிலும் சேடிலிலும் தினமும் எத்தனையோ பேர் கடக்கிறார்கள் என்பதால், அந்த இரண்டு இடங்களிலும் நம் மிதப்பு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்.

சேடிலைக் கடந்ததும் உடனே நடுவில் மேலேறிவிடக் கூடாது. குழியின் மத்தியில் மூச்சடக்கி ஆழம் போகும் ஃப்ரீடைவர்கள் கயிறு கட்டி மிதவைகளோடு பயிற்சி செய்வார்கள். ஓரங்களில் ஸ்நார்க்கல் போட்ட கூட்டம். உள்சுவரை ஒட்டி ஐந்து மீட்டரிலேயே மூன்று நிமிட நிறுத்தத்தை முடித்து, அதே ஆழத்தில் கரைவரை வருவது நல்லது. காற்று மிச்சம் இருந்தால் அந்த நிறுத்தத்தை நீட்டிக்கலாம். திட்டத்தில் மிச்சம் பிடித்த 55 பாருக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

கரையேறிய பிறகும் திட்டம் ஒரு நாள் தொடர்கிறது, தஹபில் இதைப் பலர் மறக்கிறார்கள். உடலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேற மணிக்கணக்காகும். விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இங்கே வருகிற பயணிகள் பகலில் முக்குளித்துவிட்டு, இரவே வண்டியேறி சினாய் மலைக்குப் போய், விடியலில் சூரியோதயம் பார்ப்பதை ஒரே பயணத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சினாய் மலையின் உச்சி 2,285 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான்; விமானத்தின் உள்ளறையில் பராமரிக்கப்படும் அழுத்தமும் அதே அளவில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடமே 1,500 மீட்டருக்கு மேல். முக்குளித்த இரவில் அந்த மலையேறுவது, கரைக்கு வந்த ஈரத்தோடு விமானம் ஏறுவதற்குச் சமம். மூட்டு வலியோ கைகால் மரத்துப்போதலோ அங்கே தொடங்கினால், மறு அழுத்த அறை உள்ள ஊர் மலைச்சாலையில் வெகு தூரத்தில் இருக்கும். மலையை முதலில் ஏறி இறங்கி, ஒரு முழு இரவு தூங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, அதன் மறுநாள் பெல்ஸுக்கு வருவதே சரியான வரிசை.